பித்தப்பை இல்லாதவனின் கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற மாத இதழின் உடல்நலப் பக்கத்தில், 'கொலஸ்ட்ராலைக் குடல் பாக்டீரியாக்களே தின்று தீர்த்துவிடும்; காலையில் ஒரு கிண்ணம் பழைய சோறு போதும்' என்று ஒரு வரி. அதைப் படித்ததிலிருந்து என் மைத்துனர் மூன்று வாரமாக மாத்திரையைத் தொடவில்லை. இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர். கேட்டால், 'பத்திரிகையிலேயே போட்டுட்டான்' என்கிறார். உங்கள் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

பித்தம் தலைக்கேறி எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்குப் பித்தப்பையே கிடையாது. 2017இல் கல்லோடு சேர்த்து எடுத்துவிட்டார்கள். அப்புறம் ஒரு வருடம், சாப்பிட்ட கையோடு கழிப்பறைக்கு ஓடினேன். 'காரத்தைக் குறையுங்கள்' என்று ஒரு மருத்துவமனையில் நாலு முறை திருப்பி அனுப்பினார்கள். வேறொரு டாக்டர்தான் மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டு விளக்கினார். கொழுப்பைச் செரிக்க உதவும் பித்த அமிலத்தைக் கல்லீரல் கொலஸ்ட்ராலை வைத்துத்தான் செய்கிறது. வேலை முடிந்ததும் அதில் நூற்றுக்கு 95 பங்கைச் சிறுகுடலின் கடைசிப் பகுதி உறிஞ்சிக் கல்லீரலுக்கே திருப்பி அனுப்பிவிடும். மிச்சம் பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே பாக்டீரியாக்கள் அதை டீஆக்ஸிகோலிக் அமிலம், லித்தோகோலிக் அமிலம் என்று மாற்றிவிடுகின்றன. எனக்கு அந்த மிச்சமே அளவுக்கு மீறிப் போய்ப் பெருங்குடல் தண்ணீராகக் கொட்டியிருக்கிறது. பித்த அமிலத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பொடி ஒன்று கொடுத்தார். ஒரே வாரத்தில் அடங்கியது.

கொலஸ்ட்ராலையும் சில பாக்டீரியாக்கள் காப்ரோஸ்டனால் என்ற வேறு பொருளாக மாற்றுவது உண்மைதான். அதைக் குடல் அவ்வளவாக உறிஞ்சாது, மலத்தோடு போய்விடும். உங்கள் கட்டுரையாளர் இதை எங்கோ அரைகுறையாகக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் அந்த ரகம் எல்லார் குடலிலும் இருப்பதில்லை. காற்றுப் பட்டால் பிழைக்காத ரகம் அது. சோற்றைப் புளிக்க வைப்பது வேறு ரகம். பழைய சோறு எனக்கும் பிடிக்கும், சின்ன வெங்காயத்தோடு. அது வேறு விஷயம்.

உங்களுக்குத் தெரியாததா? 'கொலஸ்ட்ரால் இல்லாத கடலை எண்ணெய்' விளம்பரம் வந்தபோதும் எழுதினேன். முப்பது வருடம் மளிகைக் கடை நடத்தியவன் ஐயா நான். செக்கில் ஆட்டிய எந்த எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் சொல்லும்படி இருக்காது, இல்லாததை இல்லை என்று சொல்ல எதற்கு ஐந்து ரூபாய் கூடுதல் என்று கேட்டிருந்தேன். மூன்று பக்கக் கடிதத்தில் 'தங்கள் இதழ் அருமை' என்ற வரியை மட்டும் போட்டீர்கள். மிக்க நன்றி. முட்டையை வாரம் ஒன்று என்றுவிட்டு, அடுத்த மாதமே தினம் ஒன்று என்றதற்கும் எழுதினேன். அதற்கு அந்த மரியாதைகூடக் கிடைக்கவில்லை.

சரி, போகட்டும். அடுத்த இதழில் அதே பக்கத்தில், 'டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்த வேண்டாம்' என்று ஒரே ஒரு வரி போடுங்கள். ராசிபலனுக்குக் கீழே பொடி எழுத்தில் வேண்டாம். மைத்துனருக்குக் கண்புரை.

இப்படிக்கு,
22 வருடச் சந்தாதாரர்