பாலைவனத்தில் பயறு: அப்பாவுக்கு ஒரு கடிதம்

டூசான், அரிசோனா
ஜூலை 3

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். மழையே இல்லாத ஊரில் பயறு எப்படிக் காய்க்கிறது என்று கேட்டிருந்தீர்கள். மழை அறவே இல்லாமல் இல்லை. வருஷத்துக்கு ஏறக்குறைய 11 அங்குலம் பெய்கிறது, அதில் பாதி கோடையில். ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை பருவமழைக் காலம் என்று அரசாங்கக் கணக்கு. உருப்படியான மழை பெரும்பாலும் ஜூலையில்தான் இறங்கும்.

சாதாரண பீன்ஸ் இந்தக் கோடைக்கு ஆகாது. செடி பச்சையாகத்தான் நிற்கும், பூவும் பூக்கும். பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டி, ராத்திரியும் சூடு தணியாவிட்டால் மகரந்தம் கெட்டுப் பூவெல்லாம் உதிர்ந்துவிடும். எவ்வளவு தண்ணீர் விட்டாலும் பிஞ்சு பிடிக்காது. அதனால் மார்ச்சில் விதைத்து, வெயில் முற்றுவதற்குள் பறித்துவிடுகிறார்கள். ஜூலை, ஆகஸ்டுக்கு உரியது தெப்பரி. இந்தச் சொனோரா பாலைவனத்தின் பழங்குடிகளான தோஹோனோ ஓதம் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்டு வரும் பயறு இது. பாசிப்பயறைவிடப் பெரிது, ராஜ்மாவைவிடச் சிறிது; வெள்ளையும் பழுப்பும் அதிகம் கிடைக்கும். அவர்களுடைய பழைய வயல்கள் வறண்ட ஓடைகளின் வாயில் இருக்கும். மலையில் மழை கொட்டி ஓடையில் வெள்ளம் வந்து பரவியதும், அந்த ஈரத்திலேயே விதைத்து அறுத்துவிடுவார்கள்.

வீட்டுத் தோட்டத்திலும் அதே உபாயம்தான். மேட்டுப்பாத்தி இங்கே வேண்டாம், காற்றும் வெயிலும் நாலு பக்கமும் உலர்த்திவிடும். 4 அடி அகலம், 10 அடி நீளத்துக்கு அரை அடி பள்ளமாக வெட்டி, எடுத்த மண்ணைச் சுற்றி வரப்பாகப் போட வேண்டும். கூரைத் தண்ணீரை அதற்குள் திருப்பிவிடலாம்: 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர், ஓட்டில் உலர்வது போக.

வெட்டும்போது கடப்பாரை ணங்கென்று நின்றால் அது காலீச்சி. சுண்ணாம்பு இறுகிக் கல்லான அடுக்கு. ஒரு அடிக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பி, வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள் என்பார்கள். மறுநாளும் தேங்கி நின்றால் அடுக்கை உடைத்தாக வேண்டும், இல்லையென்றால் இடத்தை மாற்றிவிடுவது மேல். வேர் அதற்குக் கீழே போகாது, உப்பும் மேலேயே தங்கிவிடும். பீன்ஸ் வகைகளுக்கு உப்பு ஆகவே ஆகாது. இலை ஓரம் கருகினால் முதலில் அதைத்தான் சந்தேகப்பட வேண்டும். குழாயில் வரும் கொலராடோ ஆற்று நீரிலும் உப்பு உண்டு. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதால் கெடுதல்தான், அந்த உப்பு வேர்மட்டத்திலேயே சேரும்.

மட்கு 2 அங்குலம் பரப்பிக் கொத்திவிட்டால் போதும். தழைச்சத்து கூடினால் கொடி மட்டும் ஓடும். முதல் நல்ல மழைக்கு மறுநாள், ஒரு அங்குல ஆழத்தில், அரை அடிக்கு ஒரு விதை. வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி. ஊறவைக்கத் தேவையில்லை, ஈரம் பட்டதும் சீக்கிரம் முளைத்துவிடும். ஆகஸ்டு நடுவில் விதைப்பை முடித்துவிட வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில்தான் ஆட்கள் தவறுகிறார்கள். நண்பகலில் தெப்பரியின் இலை வெயிலுக்கு விளிம்பைக் காட்டி மேல்நோக்கி எழுந்து நிற்கும். வாடுகிறது என்று உடனே குழாயைத் திறந்துவிடுவார்கள். அது செடி சூட்டைத் தவிர்க்கும் வழி. விடியற்காலையிலும் இலை தொங்கினால்தான் தாகம். மழை தவறினால் 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை, ஒரு அடி ஆழம் நனைகிற மாதிரி விட வேண்டும். ஒரு கம்பியைக் குத்திப் பார்த்தால் தெரியும், நனைந்த மட்டும் வழுக்கிக்கொண்டு இறங்கும். தண்ணீர் தாராளமானால் இந்தப் பயிர் இலையாகவே வளர்ந்துகொண்டு காய்ப்பதை மறந்துவிடும். நெற்று மஞ்சளாகத் தொடங்கியதும் பாய்ச்சலை நிறுத்திவிடலாம்.

இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புக் குறை. மண்ணில் இரும்பு இல்லாமலில்லை, மண்ணின் காரத்தன்மை அதை வேருக்குக் கிடைக்காமல் பூட்டி வைத்திருக்கிறது. அன்னபேதி போட்டால் அதுவும் சீக்கிரமே பூட்டிக்கொள்ளும். கார மண்ணிலும் பூட்டிக்கொள்ளாத இடிடிஹெச்ஏ (EDDHA) வகை இரும்புச் செலேட் உரம் போட்டால்தான் பலிக்கும். அடியிலையில் மெல்லிய வலையும் புள்ளியும் கண்டால் செஞ்சிலந்தி. காலையில் இலையின் அடிப்புறத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்க வேண்டும். நேற்றுவரை நன்றாக இருந்த செடி இலை உதிராமலே முழுதாக வாடினால் டெக்சாஸ் வேரழுகல் என்ற பூஞ்சை நோய். அதற்கு நிச்சயமான மருந்து கிடையாது. அந்த இடத்தில் அடுத்து மக்காச்சோளம் போடலாம், புல் இனத்தை அந்தப் பூஞ்சை தொடாது. முயலுக்கு 2 அடி உயரக் கம்பிவலை, அரை அடி மண்ணுக்குள் புதைத்து.

இரண்டு, மூன்று மாதத்தில் நெற்று வைக்கோல் நிறமாகும். அறுவடை அதிகாலையில். வெயில் ஏறினால் நெற்று முறுக்கிக்கொண்டு தானாக வெடித்து விதையைச் சிதறடிக்கும். செடியோடு பிடுங்கித் தார்ப்பாயில் காயப்போட்டு, தட்டித் தூற்ற வேண்டியதுதான். நன்றாக உலர்ந்த பயறை மூடி ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்தால் வண்டின் முட்டை சாகும். வெளியே எடுத்ததும் திறக்கக் கூடாது; குளிர் விட்டபின் திறந்தால் வேர்க்காது.

இன்னொன்று: தெப்பரிக்குள் பீன்ஸ் தேமல் வைரஸ் அறிகுறியே காட்டாமல் இருக்கக்கூடும். அதனால் சாதாரண பீன்ஸுக்குப் பக்கத்தில் விதைப்பதில்லை.

விதை கொஞ்சம் தபாலில் அனுப்பச் சொன்னீர்கள். இறக்குமதி அனுமதியும், இங்கிருந்து பயிர்நலச் சான்றும் இல்லாமல் இந்தியாவுக்கு விதை அனுப்பக் கூடாது. மேலே சொன்ன வைரஸை நினைத்தால் அந்தச் சட்டம் நியாயமாகத்தான் படுகிறது. அம்மாவிடம் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்