வால்வுகளுக்கு நாலு வரி போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினி வரலாற்றுத் தொடரின் முதல் பகுதியைப் படித்தேன். எளிமையாக, நன்றாக இருந்தது. ஆனால் டிரான்சிஸ்டருக்கு முன்பு அதன் வேலையைச் செய்துவந்த கண்ணாடிக் குழாய்களான வால்வுகளை (வெற்றிடக் குழாய்களை) மட்டும் நாலே வரியில் முடித்துவிட்டீர்கள்: சூடாகும், அடிக்கடி எரிந்துபோகும், டிரான்சிஸ்டர் வந்தது, தொல்லை தீர்ந்தது. தொலைபேசித் துறையில் வால்வுக் கருவிகளைப் பராமரித்த எனக்கு இதை அப்படியே விட மனம் வரவில்லை.

வால்வு பெரும்பாலும் எப்போது போகும் தெரியுமா? ஸ்விட்ச் போடும் நேரத்தில். வால்வுக்குள் சூடேறும் கம்பிதான் ஹீட்டர் இழை. அது ஆறிக் கிடக்கும்போது மின்தடை குறைவு. அதனால் முதலில் மின்சாரம் அளவுக்கு மீறிப் பாயும், இழை சட்டென்று சூடேறி விரியும், அணைத்தால் சுருங்கும். தினமும் இந்தப் பாடு படும் வீட்டு ரேடியோ வால்வு சீக்கிரம் போகத்தான் செய்யும். அதையே அணைக்காமல் வைத்திருந்தால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும்.

இதைத் தொலைபேசி இணைப்பக வேலையிலேயே கண்டுகொண்டவர் டாமி ஃபிளவர்ஸ். பிரிட்டிஷ் அஞ்சல் துறைப் பொறியாளர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் ரகசியச் செய்திகளுக்குப் பயன்படுத்திய லோரன்ஸ் சங்கேதத்தை உடைக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட வால்வுகளை வைத்து ஓர் இயந்திரம் செய்யலாம் என்று 1943-ல் அவர் சொன்னபோது, பிரிட்டனின் சங்கேத உடைப்பு மையமான பிளெட்ச்லி பார்க்கில் பலர் நம்பவில்லை. அத்தனை வால்வு இருந்தால் ஏதாவது ஒன்று எப்போதும் பழுதாகித்தானே கிடக்கும் என்பது அவர்கள் வாதம். ஃபிளவர்ஸ் பின்வாங்கவில்லை. லண்டன் டாலிஸ் ஹில் ஆய்வு நிலையத்தில் தன் குழுவோடு உட்கார்ந்து ஓராண்டுக்குள் கட்டி முடித்தார். அதுதான் கொலோசஸ்: சுமார் 1,600 வால்வுகள், காகித நாடாவிலிருந்து நொடிக்கு 5,000 எழுத்துகள். 1944 தொடக்கத்திலேயே வேலைக்கு வந்துவிட்டது. போர் முடிவதற்குள் இப்படிப் பத்து இயந்திரங்கள் ஓடின.

அமெரிக்காவின் எனியாக் கணினியும் வால்வுகளைப் பக்குவமாகக் கையாண்டதால்தான் பிழைத்தது. ஏறத்தாழ 18,000 வால்வுகள். அதன் தலைமைப் பொறியாளர் எக்கர்ட் அவற்றைக் குறித்த திறனுக்கு வெகு கீழேயே இயங்க வைத்தார். இரண்டு நாளுக்கு ஒன்று போல்தான் பழுதானது, அதையும் கால் மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவோம் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். "நிமிடத்துக்கு ஒன்று எரிந்தது" என்று உங்கள் கட்டுரை எழுதுவது நியாயமே இல்லை.

எனியாக்கை 1946-ல் உலகமே பார்த்தது. கொலோசஸ் 1970-கள் வரை அரசு ரகசியம். மேலிட உத்தரவுப்படி ஃபிளவர்ஸ் தன் கையாலேயே வரைபடங்களை உலையில் போட்டு எரித்தார். அவருக்குக் கிடைத்த சன்மானம் 1,000 பவுண்டு. கைக்காசு போட்டுச் செலவழித்ததற்கே அது காணாது. இத்தனை செய்தவரின் பெயர் உங்கள் கட்டுரையில் ஓரிடத்தில்கூட இல்லை என்பதுதான் என் பெரிய வருத்தம்.

தொடரின் அடுத்த பகுதி டிரான்சிஸ்டரில் தொடங்கும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதற்கு முன் ஃபிளவர்ஸுக்கும் அவர் குழுவுக்கும் ஒரு பக்கமாவது ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொலைபேசித் துறை ஊழியர்,
திருச்சி