தொலைந்துபோன வரத்து வாய்க்காலை அளந்து கல் நடுங்கள்

ஏரிக்கும் அதன் வாய்க்காலுக்கும் பொறுப்பேற்றிருக்கும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

மலையிலிருந்து எங்கள் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்து வாய்க்காலை அளந்து எல்லைக் கல் நடக் கேட்ட எங்கள் மனுவின் வரலாறு உங்கள் கோப்பிலேயே இருப்பதால் அதை மீண்டும் விரிக்கவில்லை. ‘புலத்தில் வாய்க்கால் ஏதும் காணப்படவில்லை’ என்ற ஒற்றை வரியோடு மனு முடித்து வைக்கப்பட்டதால், கிராம வரைபடத்தின் நகலை எடுத்துக்கொண்டு, சென்ற ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூவர் சேர்வராயன் மலையடிவாரத்திலிருந்து ஏரி வரை நடந்து பார்த்தோம்.

வாய்க்கால் இருக்கிறது. மரவள்ளிக் காட்டின் நடுவே ஒரு பட்டை மட்டும் முழங்கால் ஆழத்துக்குத் தாழ்ந்து செல்கிறது. அதையொட்டிப் பழைய கரையின் பனைமரங்கள் வரிசை குலையாமல் நிற்கின்றன. தார்ச்சாலைக்கு அடியில் ஒரு சிறுபாலம், இருபுறமும் மண்மூடிக் கிடக்கிறது. தண்ணீரே போகாத இடத்தில் அதை எதற்காகக் கட்டினார்கள் என்பதையாவது உங்கள் பதில் விளக்கியிருக்கலாம். பாலத்தைத் தாண்டினால் வீட்டுமனைகள். அங்கேதான் தடம் மறைகிறது. மனைகளுக்கு அப்பால், சீமைக்கருவேலத்துக்குள், கருங்கல் மதகின் இரண்டு தூண்கள் அகப்பட்டன.

கடந்த ஐப்பசியில் மலையில் பெய்த மழை அந்த மனைகள் வரை பழைய வழியிலேயே வந்து, அதற்குமேல் போக இடமின்றி எங்கள் தெருவுக்குள் திரும்பியது. உங்கள் பதிலின் நகல் தண்ணீருக்கு அனுப்பப்படவில்லை போலும். என் அம்மா மூன்று நாள் கட்டிலின்மேல் அடுப்பை வைத்துச் சமைத்தார். அந்த மூன்று நாளும் ஏரிக்குள் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

மேட்டூர் உபரிநீரை ஏற்றி இம்மாவட்டத்தின் 100 ஏரிகளை நிரப்ப 565 கோடி ரூபாயில் திட்டம் வகுத்ததை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால், மோட்டாரும் குழாயும் கேட்காமல் தானே மலையிறங்கி வரும் தண்ணீருக்காக ஓர் அளவைச் சங்கிலியை இழுக்கக்கூட ஆள் இல்லையா? சேலம் நகரின் குடிநீருக்கென 1911இல் அமைந்த பனமரத்துப்பட்டி ஏரியே கருவேலங்காடாகக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு, வரத்து நின்ற ஏரி என்னவாகும் என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. ஆக்கிரமிப்பை அகற்ற 1905ஆம் ஆண்டுச் சட்டமும், ஏரிகளைக் காக்க 2007ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கின்றன. நாங்கள் அவ்வளவு தூரம்கூடப் போகவில்லை. முதலில் வாய்க்காலை அளந்து கல் நடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

சற்றுக் கடுமையாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வரும் மழைக்கு முன்பாக, நில விவரங்கள் அடங்கிய ‘அ’ பதிவேட்டோடும், நில அளவுகளைக் காட்டும் புலப்படத்தோடும் நில அளவர் ஒருவரை அனுப்பி, அடிவாரம் முதல் ஏரி வரை அளந்து கல் நட்டுத் தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம். மதகுத் தூண்கள் வரை முள்ளை வெட்டி வழி செய்து வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஏரிப் பாசன விவசாயி ஒருவர்,
சேலம் மாவட்டம்