முதுகுப் பக்கத்தால் வரும் வெள்ளம்

செல்வபுரம்,
முல்லைத்தீவு.
05.01.2026

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருவரும் சுகம். வீடு காய்ந்துவிட்டது. சுவரில் முழங்கால் உயரத்துக்குச் சேற்றுக்கோடு மட்டும் நிற்கிறது. பொங்கலுக்கு முன்னர் சுண்ணாம்பு அடித்துவிட வேண்டுமென்று அப்பா நிற்கிறார்.

அன்று நீ தொலைபேசியில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கவே தொடர்பு அறுந்துபோனது. "டித்வா புயலின் மையம் வடக்கே விலகிவிட்டது, இனிப் பயமில்லை என்று படத்தில் பார்த்துவிட்டுத்தானே படுத்தேன். எழும்பினால் நீங்கள் பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறீர்கள் என்கிறார்கள். நான் இரவிரவாகப் பார்த்த படங்கள் எல்லாம் பொய்யா அம்மா?" என்றாய். பொய்யில்லை ராசா. அந்தப் படங்கள் புயலைச் சரியாகத்தான் காட்டின. எங்கள் வெள்ளம் அந்தப் படத்துக்குள் இல்லை. அது வேறு வழியால், வேறு நேரத்தில் வருவது. மாரி இன்னும் முடியவில்லை. தையிலும் வங்கக் கடலில் தாழமுக்கம் உருவாவது உண்டு. அதற்குள் நீ அங்கிருந்து எதைப் பார்க்க வேண்டும், எதை நம்ப வேண்டும் என்பதை ஆறுதலாக எழுதிவிடலாம் என்று இருந்தேன்.

காற்றாகப் பார்த்தால் டித்வா பெரிய புயல் இல்லை. 1978இல் மட்டக்களப்பைச் சூறையாடிய புயலுக்குப் பக்கத்தில் வைக்கவே முடியாது. ஆனால் நவம்பர் 28ஆம் திகதி கிழக்குக் கரையால் ஏறியது அவசரப்பட்டுக் கடந்து போகவில்லை. தீவின் மேலேயே ஊர்ந்து ஊர்ந்து வடக்கே வந்தது. வழியெல்லாம் கொட்டியது. மலைநாட்டில் மண் சரிந்து ஊர்களே புதைந்தன. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 25 மாவட்டங்களில் ஒன்றுகூடத் தப்பவில்லை. மலையில் செத்தவர்களை நினைக்கும்போது எங்கள் சேற்றுக்கோட்டைப் பற்றி எழுதவே மனம் கூசுகிறது. இருந்தாலும் நீ கேட்டது இந்த வீட்டைப் பற்றி.

27ஆம் திகதி மாலை மழைக்குள்ளேயே மாவீரர் துயிலும் இல்லத்துக்குப் போனோம். மாமாவுக்கு விளக்கேற்ற வேண்டும் அல்லவா. காற்று வடகிழக்கிலிருந்து விடாமல் வந்தது. சுடர் நிற்கவில்லை. அப்பா தன் சட்டையை விரித்து மறைத்துக்கொண்டு நிற்க, நான் திரும்பத் திரும்பக் கொளுத்தினேன். அந்த நேரத்திலும் மனம் பாடப் புத்தகத்துக்குப் போனது. எங்கள் அரைக்கோளத்தில் காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் தாழமுக்கம் இடது கைப்பக்கம் இருக்கும். நான் நின்றபடி என் இடது கை தென்கிழக்கைக் காட்டியது. மட்டக்களப்புப் பக்கம். வானொலியில் சொன்னதும் அதுதான். வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளுக்கு எழுதிப் போட்ட விதி, தம்பி. அது என் உடம்பிலேயே பட்டதை அன்றுதான் உணர்ந்தேன்.

அந்த வடகிழக்குக் காற்றைத்தான் நீ கவனிக்க வேண்டும். மழையைவிட முதலில் அதைத்தான். அது கடலைக் கரைமேல் தள்ளி வைத்திருக்கிறது. கடல் உயர்ந்து நிற்கும்வரை நந்திக்கடல் என்கிற எங்கள் உப்புநீர்க் களப்பின் தண்ணீர் வடிய வழியில்லை. களப்பு கடலோடு சேருகிற தொடுவாய் திறந்திருந்தாலும் இழுக்காது.

நீ சின்ன வயதில் வெளிக்கிட்டவன், ஊர் அமைந்திருக்கிற விதத்தை மறந்திருப்பாய். எங்கள் வீட்டு வாசலில் நின்றால் கிழக்கே கடல், மேற்கே நந்திக்கடல். நடுவில் ஒரு மணல் மேடு. அந்த மேட்டில்தான் நாங்கள் எல்லாரும் இருக்கிறோம். 2004 மார்கழி 26க்குப் பிறகு எங்கள் சனத்துக்குப் பயம் என்றால் அது கிழக்கே பார்ப்பதுதான். புயல் அறிவித்தல் வந்தால் எல்லாரும் கடற்கரைக்குப் போய் அலையைப் பார்க்கிறார்கள். ஆழிப்பேரலையில் பிள்ளைகளைக் கொடுத்தவர்களிடம் போய் வேறு பக்கம் பாருங்கள் என்று எப்படிச் சொல்வது? ஆனால் மாரி வெள்ளம் மேற்கேயிருந்து, முதுகுப் பக்கத்தால் வருகிறது.

எங்கிருந்து வருகிறது என்றால், பேராற்றால். வவுனியா மாவட்டக் காடுகளில் தொடங்குகிற ஆறு அது. முத்தையன்கட்டுக் குளம் அதை மறித்துக் கட்டியதுதான். குளம் நிரம்பினால் மிஞ்சிய தண்ணீர் தானாக வழிந்து வான் பாயும். போதாவிட்டால் வான்கதவுகளைத் திறப்பார்கள். கட்டு உடைந்தால் ஊரே போய்விடும், ஆகவே திறக்கத்தான் வேண்டும். திறந்த தண்ணீர் ஒட்டுசுட்டான் பக்கத்துக் காடும் வயலும் கடந்து, கேப்பாப்புலவு, வற்றாப்பளைக் கரையால் நந்திக்கடலுக்குள் இறங்கும். இவ்வளவு தூரம் வர அதற்கு நேரம் எடுக்கும். புயல் வடக்கே போய், காற்று மேற்குக்குத் திரும்பி, வானம் வெளித்து, சனம் ஈரத் துணியை வெளியே எடுத்துப் போடுகிற நேரத்தில்தான் அது இங்கே வந்து சேர்கிறது. நீ படுக்கப் போன நேரமும் அதுதான்.

நீ அனுப்பிய காரைக்கால் ராடார் படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்ல படம். ஆனால் காரைக்காலுக்கும் எங்களுக்கும் 200 கிலோமீற்றருக்கு மேல் தூரம். பூமி வளைந்திருப்பதால் அந்தக் கதிர் எங்கள் தலைக்கு மேல் வரும்போது நாலைந்து கிலோமீற்றர் உயரத்தில் போகும். அதற்குக் கீழே பெய்கிற மழை அதன் கண்ணில் முழுதாகப் படாது. படத்தில் சிறு மழை என்று வெளிறிய பச்சையாகத் தெரிந்த நேரத்தில் எங்கள் முற்றத்தில் வைத்திருந்த பால்மாப் பேணி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

அந்தப் பேணியைப் பார்த்து அப்பா முதலில் சிரித்தவர். அடியும் வாயும் ஒரே அகலமான பேணி என்றால் போதும், உள்ளே நிற்கும் தண்ணீரை அடிமட்டத்தால் அளந்தால் அதுதான் மில்லிமீற்றர். வளிமண்டலவியல் திணைக்களம் காலை 8.30க்குக் கணக்கெடுப்பதால் நானும் அதே நேரத்துக்கு அளந்து ஊற்றுவேன். 28ஆம் திகதி இடையிலேயே ஊற்றிவிட்டுத் திரும்ப வைக்கவேண்டி வந்தது. வடக்கில் சில இடங்களில் 200 மில்லிமீற்றருக்கு மேல் பெய்யும் என்று எச்சரித்திருந்தார்கள். அந்த எண்ணைக் கேட்டால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. ஒரு சதுர மீற்றர் நிலத்தில் 1 மில்லிமீற்றர் மழை என்றால் 1 லீற்றர் தண்ணீர். ஒரு ஏக்கர் காணியில் 100 மில்லிமீற்றர் விழுந்தால் நான்கு இலட்சம் லீற்றர். 10,000 லீற்றர் தண்ணீர்ப் பவுசர்கள் 40 வந்து ஒரே காணிக்குள் ஊற்றிவிட்டுப் போனதற்குச் சமம். இதை அயலில் சொன்னபோதுதான் பக்கத்து வீட்டுப் பிள்ளை கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு அன்றே தகப்பன் வீட்டுக்குப் போனாள். எண்ணைச் சனத்துக்கு விளங்குகிற மாதிரிச் சொல்ல வேண்டும், தம்பி. அறிவித்தல் எழுதுகிறவர்கள் இதில் இன்னும் அக்கறை எடுக்க வேண்டும் என்று எனக்குக் கோபமே வருகிறது.

பேணியைவிட எனக்குக் கிணற்றில் நம்பிக்கை அதிகம். இது மணல் நிலம். மழை விழ விழ நிலத்துக்குள் இறங்கும், முற்றத்தில் ஒன்றும் தெரியாது. அந்தத் தண்ணீர் எல்லாம் கிணற்றில்தான் தெரியும். கோடையில் கயிறு தொங்கவிட்டு அள்ளுகிற கிணறு, 28ஆம் திகதி மத்தியானம் குனிந்து கையால் தொடுகிற அளவுக்கு வந்துவிட்டது. உள்ளே கட்டின் கடைசி வளையத்தில் பாசி படிந்த கோடு ஒன்று உண்டு. அந்தக் கோடு மறைந்தால் நிலத்துக்கு இனிக் குடிக்க இடமில்லை என்று அர்த்தம். அதற்குமேல் வருகிற ஒவ்வொரு துளியும் முற்றத்தில்தான் நிற்கும். மலசலகூடக் குழியும் வாங்காது. அன்று பின்னேரம் நான் டோர்ச் அடித்துப் பார்த்தேன். கோடு தெரியவில்லை. மிதந்த மாவிலைகளுக்கிடையே கட்டெறும்புகள் உருண்டையாகத் திரண்டு சுவரில் ஏற இடம் தேடின.

மின்சாரம் அதற்கு முன்னமே போய்விட்டது. தொலைபேசிக் கோபுரங்களும் செத்துவிட்டன. நீ எடுத்து எடுத்துப் பார்த்திருப்பாய் என்று தெரியும், அதுதான் எனக்கு அந்த இரவில் பெரிய வேதனை. மறுநாள் மழை குறைந்தது, காற்றும் திரும்பியது. பலர் வீடு கூட்டத் தொடங்கினார்கள். நான் போகலாம் என்றேன். அப்பா, வானம் வெளிக்குதே என்றார். கிணற்றைக் காட்டினேன். பிறகு அவர் ஒன்றும் பேசவில்லை, காணி உறுதிகளையும் அடையாள அட்டைகளையும் எடுத்து உரப்பைக்குள் வைத்துக் கட்டினார். மாலையில் முச்சக்கரவண்டி ஒன்று ஒலிபெருக்கியோடு வந்து வான்கதவு திறந்த செய்தியைச் சொன்னது. உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி நகரத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். இரவு தண்ணீர் மேற்கு வேலியால் ஏறி வீட்டுக்குள் புகுந்தது.

வட்டுவாகல் பாலத்துக்கு மேலால் தண்ணீர் பாய்ந்து அந்தப் பக்கம் போக்குவரத்து நின்றது. புதுப் பாலத்துக்கு 2025 செப்டெம்பரில்தான் அடிக்கல் வைத்தார்கள். பரந்தன் வீதியில் உடைந்த பாலத்துக்குப் பதிலாக இந்திய இராணுவம் வந்து 120 அடியில், இரும்புத் துண்டுகளைப் பூட்டிக் கட்டுகிற பெய்லிப் பாலம் போட்டுத் தந்திருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதமும் தபாலில் போகிறது.

தொடுவாய் வெட்டுவதில் ஒவ்வொரு வருடமும் நடக்கிற பிரச்சினை உனக்குத் தெரியாது. கோடையில் மணல் வந்து வாயை மூடிவிடும். மாரியில் அதை வெட்டிவிட வேண்டும். வயல்காரர் சீக்கிரம் வெட்டு என்பார்கள், காலபோகப் பயிர் அழுகிவிடும். மீனவர்கள் பொறு என்பார்கள், வளராத இறால் எல்லாம் கடலுக்கு ஓடிவிடும். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் புயல் அறிவித்தல் வந்த பிறகு அந்தப் பேச்சுக்கு நேரமில்லை. பொங்கி ஓடுகிற வெள்ளத்துக்குள் வாயை வெட்டப் போவது உயிரோடு விளையாடுவது. சுண்டிக்குளத்தில் முகத்துவாரத்தை அகலமாக்கப் போன கடற்படைப் பிள்ளைகள் ஐந்து பேரை இந்தத் தடவை தண்ணீர் கொண்டுபோனது. அவர்களும் ஒரு தாய் பெற்ற பிள்ளைகள். காற்று எழும்ப முதல், கடல் தாழ்ந்திருக்கும்போதே வெட்ட வேண்டும் என்பதுதான் என் எண்ணம். கிராம அலுவலரிடமும் சொல்லியிருக்கிறேன், மாதர் சங்கக் கூட்டத்திலும் சொல்வேன்.

2008 நவம்பரில் நிஷா புயல் வந்தபோது நாங்கள் தருமபுரத்தில் தறப்பாளுக்குள் இருந்தோம். உனக்கு நினைவிருக்கிறதோ தெரியாது, உன்னை மேசையில் ஏற்றி வைத்துவிட்டு விடியவிடிய நின்றோம். ஷெல்லுக்குப் பயந்து வெட்டிய பங்கர் முழுக்கத் தண்ணீர். எந்தக் குளம் வான் பாய்கிறது என்று சொல்ல ஒருவரும் இல்லை. இன்று நீ உலகத்தின் மறுபக்கத்தில் இருந்துகொண்டு எங்கள் தலைக்கு மேலுள்ள முகிலைப் பார்க்கிறாய். அதனால்தான் சரியான இடத்தைப் பார் என்று இவ்வளவு எழுதுகிறேன்.

இனி ஒன்று உருவானால் மையம் போகிற கோட்டை ஒரு பார்வை பார், போதும். பிறகு காற்று எங்கள் கரைக்கு எந்தப் பக்கத்தால் வருகிறது என்று பார். கிழக்கும் வடகிழக்கும் என்றால் நந்திக்கடல் வடியாது. ஒட்டுசுட்டான், நெடுங்கேணி மழையைக் கேள், முல்லைத்தீவு நகரத்து மழையை அல்ல. நீர்ப்பாசனத் திணைக்களத்தின் அறிவித்தலில் முத்தையன்கட்டைத் தேடு. இரணைமடுவைப் பார்த்துப் பதறாதே, அந்தத் தண்ணீர் சுண்டிக்குளம் பக்கம் போவது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் புவியியல் படிப்பிக்கிற நாகமுத்து பிரதீபராஜா முகநூலில் எழுதுவதை வாசி. எங்கள் ஊர்ப் பெயர்களோடு, எங்களுக்கு விளங்குகிற தமிழில் எழுதுகிறவர். எங்கள் தொலைபேசி வேலை செய்யாவிட்டால் வவுனியாவில் பெரியம்மாவை எடு. அவவும் கிடைக்காவிட்டால் கொழும்பில் உள்ள உன் சிநேகிதனிடம் 117க்கு எடுக்கச் சொல், அது அனர்த்த முகாமைத்துவ நிலையம். மழை விட்ட செய்தி கேட்டதும் படுக்கப் போகாதே, இன்னும் ஒரு நாள் பார்.

காசு அனுப்ப வேண்டாம். கிணறு இறைத்துக் குளோரின் போட்டாகிவிட்டது. எலிக்காய்ச்சலுக்கு மருந்து தந்தார்கள், இருவரும் எடுத்தோம். மாமியின் வயல்தான் முழுக்கப் போய்விட்டது. அவவுக்கு விதைநெல்லுக்கு ஏதாவது செய்ய முடிந்தால் செய். எனக்கு வெயிலில் மின்னேற்றும் சின்ன வானொலி ஒன்று யாராவது வரும்போது கொடுத்துவிடு. பழையதின் குமிழ் சுற்றுவதில்லை.

பிள்ளைகளுக்குப் பனியில் தலை மூடி அனுப்பு. மருமகளைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
அன்புள்ள அம்மா