கம்பிக்கும் நட்சத்திரம் வேண்டும்

ஐயா,

குறைந்த புகையில் தயாராகும் ‘பசுமை எஃகு’ பற்றிய உங்கள் தலையங்கம் படித்தேன். ஒரு டன் எஃகுக்கு 2.2 டன்னுக்கும் குறைவாகக் கரியமில வாயு வெளியிட்டால் மூன்று முதல் ஐந்து நட்சத்திரம் என மத்திய எஃகு அமைச்சகம் 2024 டிசம்பரில் வரையறுத்தது. சரி, அது வாங்குகிறவனுக்கு எப்படித் தெரியும்? பாளையங்கோட்டையில் வீட்டு வேலைக்குக் கம்பி இறக்கியபோது, கட்டிய கம்பிகளில் தொங்கிய தகட்டில் வலிமையைச் சொல்லும் கிரேடு, எந்த முறை உருக்கியது என்று காட்டும் ஹீட் நம்பர், ஐ.எஸ்.ஐ. முத்திரை எல்லாம் இருந்தன, நட்சத்திரம் மட்டும் இல்லை, கேட்டால் கடைக்காரர், “அது ஃபிரிட்ஜுக்குல்லா அண்ணாச்சி!” என்கிறார்.

பழைய இரும்பை மின் உலையில் உருக்கினால் நிலக்கரி எரிக்கும் ஊது உலையைவிடப் புகை வெகுவாகக் குறையும், அதற்குப் பணகுடிப் பக்கம் ஆடிக்காற்றில் சுற்றும் காற்றாலை மின்சாரமும் சேர்ந்தால் இன்னும் நல்லது. ஆனால் அப்படித் தயாரிப்பவருக்குத் தனிப் பெயர் கிடைக்காவிட்டால் யார் மெனக்கெடுவார்? தகட்டில் நட்சத்திரத்தை அச்சிடுவதைக் கட்டாயமாக்கி, முதலில் பொதுப்பணித்துறை டெண்டர்களில் அதைக் கேட்கட்டும்.

– ஒரு வாசகர், திருநெல்வேலி