கந்தை என்னும் சொல்

வடசேரி,
நாகர்கோவில்.

அன்புள்ள தாணு,

உன் கடிதம் கிடைத்தது. மழை விடாததால் ரப்பர் பால்வெட்டு நின்றுபோயிற்று என்று எழுதியிருக்கிறாய். இங்கும் வெயிலைக் காணோம். மற்றபடி வீட்டில் அனைவரும் நலம். ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்பதில் வரும் கந்தை எந்த ஊர்ச் சொல் என்று உன் பேரன் கேட்டானாமே, அதைப் பற்றித்தான் இக்கடிதம்.

‘கந்தா’ என்னும் வடசொல்லே தமிழில் கந்தை ஆயிற்று. வடமொழியில் அதற்கு வெறும் கிழிசல் என்று பொருள் அன்று. துண்டுகளைச் சேர்த்துத் தைத்த ஆடை என்பதே பொருள். பஜகோவிந்தம் காட்டும் துறவி, தெருவில் கிடந்த கிழிசல்களைக் கோத்த கந்தையை அணிந்தவன். வங்காளத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கி, நெருக்கமாக நூலோட்டிச் செய்யும் போர்வைக்கும் இதே பெயர்தான். நம் வீட்டுப் பெண்கள் நைந்த சீலையை நாலாக மடித்து, ஓரத்தில் பெரிய பெரிய தையலாகப் போட்டுக் கைக்குழந்தைக்கு விரிப்பார்களே, அதுவும் கந்தாதான்; என்ன, நாம் அதற்குப் பெயர் வைக்கவில்லை. தமிழுக்கு வந்தபின் தையல் மறைந்து கிழிசல் மட்டும் சொல்லில் தங்கிவிட்டது. வடசொல் என்பதற்காக அதை ஒதுக்க வேண்டும் என்பாரோடு எனக்கு உடன்பாடில்லை. பழமொழிக்குள்ளேயே குடியேறிவிட்ட சொல்லை இனி எங்கே அனுப்புவது?

ஆனால் அதற்கு முன்பே நம்மிடம் ஓர் அருமையான சொல் இருந்தது: சிதார். பொருநராற்றுப்படை என்னும் சங்கப் பாட்டில் கரிகாலனைக் காண வந்த பொருநனின், அதாவது பரிசில் தேடி வந்த கலைஞனின், உடையில் ஈரும் பேனும் குடியிருக்கின்றன. அது வேர்வையில் நனைந்து, வேற்று நூல் நுழைந்து கிடக்கிறது. ‘வேற்றிழை நுழைந்த துன்னற் சிதாஅர்’ என்கிறார் முடத்தாமக் கண்ணியார். துன்னல் என்றால் தையல். துணியின் நிறத்துக்குப் பொருந்தாத நூலால் ஒட்டுப்போட்டவனின் வறுமையை ‘வேற்றிழை’ என்ற ஒரு சொல்லே சொல்லிவிடுகிறது பார். அதைக் களைந்துவிட்டு, பாம்பு உரித்த தோல் போன்ற மெல்லிய அறுவையை, அதாவது ஆடையை, அரசன் கொடுக்கிறான்.

அந்த அறுவையும் அறுக்கப்பட்டதால் வந்த பெயர்தான். துணியும் துணிக்கப்பட்டது, துண்டும் துண்டிக்கப்பட்டது. புத்தாடைக்கும் வெட்டின் பெயரையே வைத்த நாம், பழையதற்குத் தைத்ததன் பெயரை வெளியிலிருந்து வாங்கியிருக்கிறோம் என்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

நம் பக்கத்தில் சாரம் (லுங்கி) ‘கிழிந்தது’ என்பதைவிட ‘கீறிப்போச்சு’ என்பதுதான் வழக்கம், மலையாளத்திலும் கீறுவதுதான். குழித்துறைப் பக்கத்துப் பெரியவர்கள் பழந்துணியை இன்று எப்படிச் சொல்கிறார்கள் என்று விசாரித்து அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்