ஐந்தரைக் கோடி ஆண்டுக்குக் கார்பன் கணக்கு உதவாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் குரங்கினங்களின் ஆதி வரலாறு பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். குஜராத்தில் சூரத் மாவட்டத்து வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தைப் பற்றித் தமிழில் இவ்வளவு விரிவாக எழுதி நான் பார்த்ததில்லை. அதற்கு முதலில் நன்றி. ஆனால் அதில் ஒரு வரி உறுத்திக்கொண்டே இருக்கிறது. அங்கே கிடைத்த எலும்புகளைக் கார்பன் பரிசோதனை செய்து 5.5 கோடி ஆண்டுப் பழமை என்று கண்டறிந்தார்களாம்.

இதை முதலில் பிடித்தவள் பிளஸ் டூ படிக்கும் என் மகள். அரை ஆயுட்காலம் அவளுக்கு இப்போதுதான் பாடமாகியிருக்கிறது. "அம்மா, கார்பன்-14 பாதியாகக் குறைய 5,730 வருஷம். 5.5 கோடியை அதால வகுத்தா கிட்டத்தட்ட 9,600 தடவை பாதியாகணும். அப்புறம் என்னம்மா மிச்சம் இருக்கும்?" என்று கேட்டாள். கார்பன் பரிசோதனை பார்ப்பது இந்தக் கார்பன்-14ஐத்தான்; உயிர் போன பிறகு உடலில் அது சிதைந்து குறைந்துகொண்டே வரும். இருவரும் கணக்குப் போட்டோம். உயிரோடு இருக்கும் ஒன்றின் ஒரு கிராம் கார்பனில் சுமார் 6,000 கோடி கார்பன்-14 அணுக்கள் இருக்கும். 36 முறை பாதியாக்கினால் ஓர் அணுகூட மிஞ்சாது. அதற்கு இரண்டு லட்சம் ஆண்டுகளே போதும். அளக்கும்படியான அளவு இருப்பது ஏறக்குறைய 50,000 ஆண்டுகள் வரைதான்.

கீழடி வந்த பிறகு நம் ஊரில் டீக்கடையில்கூடக் கார்பன் டேட்டிங் பற்றிப் பேசுகிறார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான். கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரித்துண்டுக்குப் பொ.ஆ.மு. 580 என்று காலம் சொன்னது அந்த முறைதான். அது அங்கே சரியான கருவி. அதனால், பழையது எதுவானாலும் கார்பன் பரிசோதனை என்று எழுதும் பழக்கம் வந்துவிட்டது. விஷயம் தெரிந்த ஒருவர் இதைப் படித்தால் "சும்மா அடித்துவிடுகிறார்கள்" என்பார். பழி கட்டுரையாளரோடு நிற்காது, ஆராய்ச்சி செய்தவர்கள் மேலும் விழும். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நான் 22 வருடமாக ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். கட்டடம், பாலம் கட்டுமுன் போர் போட்டு எடுக்கும் மண்ணை ஆழவாரியாகப் பெட்டியில் அடுக்கி, ஒவ்வொன்றையும் பிசைந்து பார்த்து எழுதி வைப்பது என் வேலை. அடையாறு முகத்துவாரப் பக்கம் ஒரு மனையில் 3 மீட்டர் ஆழத்து மண்ணோடு கசங்கிய பால் கவர் ஒன்று வந்தது. அதற்கு மேலே உள்ள மண் முழுக்கப் பிளாஸ்டிக் காலத்தில் கொட்டியது என்று தெரிந்துகொள்ள வேறு பரிசோதனை வேண்டுமா? அதே குழியில் 9 மீட்டரில் சாம்பல் நிறக் களிமண், கையில் ஒட்டும், உள்ளே சின்னச் சின்னச் சிப்பிகள். அங்கே ஒரு காலத்தில் உப்புத்தண்ணீர் நின்றது. புதைபடிவத்துக்கு வயது சொல்வதும் அடிப்படையில் இதுதான். கோடிக்கணக்கான ஆண்டு பழைய எலும்பு பெரும்பாலும் கல்லாகிப்போயிருக்கும். அதன் வயதை அதனிடமே கேட்பதில்லை. அது கிடந்த அடுக்கிடமும், மேலும் கீழும் உள்ள அடுக்குகளிடமும் கேட்கிறார்கள்.

அக்கம்பக்கத்தில் எரிமலைச் சாம்பல் இருந்தால் அதிர்ஷ்டம். அதிலுள்ள படிகங்களில் பொட்டாசியம்-40 இருக்கும். அதில் ஒரு பங்கு மெல்ல மெல்ல ஆர்கான் வாயுவாக மாறும்; அரை ஆயுட்காலம் 125 கோடி ஆண்டுகள். பாறை உருகிக் கிடக்கும்போது ஆர்கான் தப்பித்துப் போய்விடும். இறுகிய பிறகு உண்டாகும் ஆர்கானுக்கு வெளியேற வழியில்லை. ஆக, எரிமலை வெடித்த நாளில் கடிகாரம் பூஜ்யத்திலிருந்து ஓடத் தொடங்குகிறது. அமெரிக்காவின் மொன்டானாவில் கிடைத்த பர்கடோரியஸ் என்ற சிறு பிராணியின் பற்களுக்கு இப்படிச் சாம்பல் அடுக்குகளின் துணையோடுதான் சுமார் 6.59 கோடி ஆண்டு என்று 2021இல் வரையறுத்தார்கள். டைனோசர்கள் அழிந்து ஒன்றரை லட்சம் ஆண்டுகூட ஆகாத நேரம்! குரங்கினத்தின் மூத்த உறுப்பினராக அதைச் சேர்ப்பதா வேண்டாமா என்ற வாதம் தனியாக நடக்கிறது.

வஸ்தானில் வழி வேறு. அங்கே வயது சொன்னவை நம்முலைட்டஸ் என்ற ஒற்றைச் செல் கடலுயிரியின் ஓடுகள். காசு போலத் தட்டையாக இருக்கும். எகிப்தின் பிரமிடு கற்களிலும் அவை உண்டு. எந்த வகை ஓடு எந்தக் காலத்தில் வாழ்ந்தது என்று உலகமெங்கும் ஒப்பிட்டு வைத்திருக்கிறார்கள். அதோடு கடல்நீரில் ஸ்ட்ரான்ஷியம் என்ற தனிமத்தின் ஐசோடோப்புகள், அதாவது எடை வேறான அணு வகைகள், இருக்கும் விகிதம் காலந்தோறும் மாறி வந்திருக்கிறது. ஓடுகளில் அது பதிந்திருக்கும். இவற்றையெல்லாம் வைத்துத்தான் சுமார் 5.45 கோடி ஆண்டு என்கிறார்கள்.

இந்தத் தேதி ஏன் முக்கியம் என்பதையும் கட்டுரை தொடாமல் போய்விட்டது. இந்தியாவைச் சுமந்து நகரும் பாறைத் தட்டு ஆசியாவோடு மோதத் தொடங்கும் கட்டம் அது. குரங்கினங்கள் இங்கிருந்து அங்கே போயினவா, அங்கிருந்து இங்கே வந்தனவா என்பது பத்து, பதினைந்து லட்சம் ஆண்டு முன்பின்னில் மாறிவிடும் கேள்வி. வேறு கண்டங்களில் 5.6 கோடி ஆண்டை ஒட்டியே டெயில்ஹார்டினா என்ற சிறு குரங்கினம் இருந்திருக்கிறது. வஸ்தானில் கிடைத்தவை எலி அளவுப் பிராணிகள். அவற்றில் சில, லெமூர், தேவாங்கு இவற்றின் கிளையைச் சேர்ந்தவை என்று கருதப்படுகின்றன. ஒல்லியான பிள்ளையைப் பார்த்து "தேவாங்கு மாதிரி இருக்கே" என்கிறோமே, அதே தேவாங்குதான். கரூர், திண்டுக்கல் பக்கம் கடவூரில் 2022இல் அதற்கென்றே சரணாலயம் அறிவித்தார்கள். அதன் பின்னங்காலில் இரண்டாம் விரலில் மட்டும் வளைந்த கூர்நகம். மற்ற விரல்களில் நம்முடையது போலத் தட்டை நகம். நம் காட்டு மரத்தில் இன்றும் ஏறிக்கொண்டிருக்கும் உயிரை அந்தச் சுரங்கத்தோடு சேர்த்து ஒரு பத்தி எழுதியிருந்தால் பிள்ளைகள் எப்படி ரசித்திருப்பார்கள்!

இந்த முறைகளிலும் தப்பு வரும். கென்யாவின் துர்கானா ஏரிப் பக்கம் கே.பி.எஸ். என்ற சாம்பல் அடுக்குக்கு முதலில் 26 லட்சம் ஆண்டு என்றார்கள். 1972இல் அந்த அடுக்குக்குக் கீழே எடுத்த புகழ்பெற்ற ஆதிமனித மண்டையோட்டுக்கும் அதை வைத்தே வயது சொன்னார்கள். ஆனால் அங்கே கிடைத்த பன்றிப் பற்கள் ஒத்துவரவில்லை. எத்தியோப்பியாவில் அதே பன்றி வகை கிடைத்த அடுக்குகள் சுமார் 20 லட்சம் ஆண்டே பழமையானவை. பல ஆண்டு சச்சரவுக்குப் பின் சாம்பலின் வயது 19 லட்சத்துக்குச் சற்றுக் கீழே வந்து நின்றது. தண்ணீர் அடித்து வந்த பழைய பாறைத் துகள்கள் சாம்பலில் கலந்திருந்ததுதான் கோளாறு. இதைப் படித்தபோது என் வேலைதான் ஞாபகம் வந்தது. போர்க்குழியின் சுவர் சரிந்து மேல்மண் கீழே விழுந்துவிட்டால் அந்த சாம்பிளை நாங்கள் தூக்கிப் போட்டுவிட்டு, சுவர் சரியாமல் தாங்கும் கேசிங் குழாய் இறக்கி மறுபடியும் எடுப்போம்.

நான் குடியிருப்பது பல்லாவரம். 1863இல் புவியியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் ஆதிமனிதரின் கற்கருவி எடுத்த அதே ஊர். அதே ஃபூட் கண்டறிந்த அதிரம்பாக்கத்தில் மண்ணுக்குள் இருந்த கற்கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011இல் அறிவித்தார்கள். அதுவும் கார்பன் கணக்கு இல்லை; விண்கதிர்கள் குவார்ட்ஸ் கல்லில் உண்டாக்கும் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற சிதையும் அணுக்கள், கல் புதைந்த பிறகு எவ்வளவு குறைந்திருக்கின்றன என்று பார்த்த கணக்கு.

ஆகவே ஒரு வேண்டுகோள். வயதைப் போடும்போது எந்த முறையில் தெரிந்தது என்று நான்கு வார்த்தை சேர்த்துப் போடுங்கள். சந்தேகமாக இருந்தால் முறையை விட்டுவிட்டு வயதை மட்டும் போட்டாலும் பரவாயில்லை. இந்தக் கட்டுரைக்கான திருத்தத்தை உள்பக்கத்து மூலையில் போடாமல் அதே ஞாயிறு இணைப்பில், கண்ணில் படும்படி வெளியிடுங்கள். கட்டுரையை என் மகளின் பள்ளியில் வெட்டி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். பக்கத்திலேயே திருத்தத்தையும் ஒட்ட அவள் ஆசிரியையிடம் அனுமதி கேட்டு வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
நெடுநாள் வாசகி,
பல்லாவரம், சென்னை – 43.